எம்சி வேண்டாம், விளையாட்டை மாற்றச் சொல்லுங்கள்

போன மாதம் பிள்ளைகளின் உடற்கல்வி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியான பிள்ளையைப் பற்றியவை. ஓடினால் தடுக்கி விழும், பந்து பிடிக்க வராது, ஷூ லேஸ் கட்ட வராது, ஆனால் பேச்சிலும் புத்தியிலும் ஒரு குறையும் இல்லை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் அந்தப் பிள்ளைகளுக்கே.

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 4 படிக்கிறான். பந்தை வீசினால் கண்ணை மூடிக்கொள்கிறான். அணி பிரிக்கும்போது கடைசியில் தனியாக நிற்பது எப்போதும் அவன்தான். பிஇ (உடற்கல்வி வகுப்பு) உள்ள நாளில் காலையிலேயே வயிற்றுவலி என்று ஆரம்பித்துவிடுகிறான். என் மாமியார், "சோம்பேறி, நீ செல்லம் கொடுத்துத்தான் இப்படி" என்கிறார். தோழி ஒருத்தி, டாக்டரிடம் எம்சி (மருத்துவச் சான்றிதழ்) வாங்கிக் கொடுத்து பிஇயிலிருந்து விலக்கு வாங்கிவிடு என்கிறாள். வாங்கிவிடலாமா?
— உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: வாங்காதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை: அம்மா, அவன் சோம்பேறி இல்லை. உங்கள் பேரன் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக உழைக்கிறான், அந்த உழைப்பு வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு பந்தைப் பிடிக்கும்போது நாம் பந்து வந்து சேர்ந்த பிறகு கையை நீட்டுவதில்லை. அது எங்கே, எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது, கை அந்த இடத்துக்குப் போகிறது, போகிற வழியிலேயே திருத்திக்கொள்கிறது. இதெல்லாம் நாம் யோசிக்காமல் நடப்பது. சில பிள்ளைகளுக்கு இந்த முன்கணக்கு சரியாக அமைவதில்லை. தசையில் பலம் இருக்கிறது, பார்வை நன்றாக இருக்கிறது, ஆனால் அசைவைத் திட்டமிடுவது தடுமாறுகிறது. பந்து எப்போது வந்து மோதும் என்று தெரியாதபோது கண்ணை மூடிக்கொள்ளாமல் வேறென்ன செய்வான்? மற்றவர்கள் யோசிக்காமல் செய்வதை இவன் ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்கிறான், அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறான், உட்கார்ந்துவிடுகிறான், பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது.

இதற்கு மருத்துவத்தில் டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர் என்று பெயர், சுருக்கமாக டிசிடி. டிஸ்பிராக்ஸியா என்றும் சொல்வார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பேருக்கு இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பென்றால் சராசரியாக இரண்டு பேர். ஆகவே உங்கள் மகன் அந்தப் பள்ளியில் தனி ஆள் இல்லை.

உங்கள் மகனுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடாது, சொல்லவும் முடியாது. பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள், அங்கிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் கட்டணத்தில் சலுகையும் கிடைக்கும். அங்கே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையாளர், கைத்திறன், எறிந்து பிடித்தல், உடலைச் சமநிலையில் வைத்திருத்தல் எல்லாவற்றையும் சோதித்து, அவன் வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுச் சொல்வார். பார்வைக் கோளாறு, நரம்பு அல்லது தசை நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகுதான் டிசிடி என்று முடிவுக்கு வருவார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: முன்பு நன்றாகச் செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போகிறது, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் தடுமாறுகிறது, தரையிலிருந்து எழும்போது தன் தொடையில் கை ஊன்றி ஏறுவதுபோல எழுகிறான், இவற்றில் எது இருந்தாலும் வரிசையில் காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். டிசிடி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போகிற நோய் கிடையாது.

சரி, எம்சி ஏன் வேண்டாம்? அவனுக்கு ஓர் அசைவு பழக மற்றவர்களைவிடக் கூடுதல் தடவை தேவை. விலக்கு வாங்கினால் அவனுக்குக் கிடைப்பது மற்றவர்களைவிடக் குறைந்த தடவை. வராது என்பதால் ஒதுங்குகிறான், ஒதுங்குவதால் இன்னும் வராமல் போகிறது, தெம்பு குறைகிறது, எடை கூடுகிறது, அதற்கப்புறம் ரிசஸில் நண்பர்கள் கூப்பிட்டாலும் போகமாட்டான். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வளர வளர மனக்கவலையும் சேர்ந்துகொள்வதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வயதானால் தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடவும் முடியாது, பலருக்குப் பெரியவரான பிறகும் ஓரளவு தொடர்கிறது.

அதனால் பிஇ ஆசிரியரைப் பார்த்து, விலக்குக்குப் பதிலாக மாற்றம் கேளுங்கள். பொதுவாக "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் எந்த ஆசிரியரும் சரி என்பார், அத்தோடு போய்விடும். திட்டவட்டமாகக் கேளுங்கள்: பிள்ளைகளே அணி பிரிக்க வேண்டாம், ஆசிரியரே பிரிக்கட்டும், இவனுக்குப் பெரிய, மெதுவான பந்து கொடுங்கள், புதிய அசைவைச் சொல்லிக்கொடுத்ததும் எல்லார் முன்னாலும் இவனை முதலில் செய்யச் சொல்லாதீர்கள். வகுப்பாசிரியர் மூலமாகப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியையும் அந்தச் சந்திப்புக்கு வரச் சொல்லுங்கள்.

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள், சலுகை கேட்கிறோமே என்று நினைக்கவும் வேண்டாம். உடற்கல்வி ஒவ்வொருவரின் உரிமை என்று யுனெஸ்கோ 1978லேயே சாசனம் எழுதிவிட்டது. உடற்குறையுள்ளோர் உரிமைகள் பற்றிய ஐநா உடன்பாட்டில் சிங்கப்பூர் 2013இல் இணைந்தது. அதன் 30ஆம் பிரிவு, பள்ளியில் நடக்கும் விளையாட்டு உட்பட எல்லாவற்றிலும் குறையுள்ள பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கெடுக்க வழி செய்யச் சொல்கிறது.

வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் பத்து நிமிடம், ஒரே ஒரு திறன், அதையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். பந்து பிடிப்பது என்று சொன்னால் முதல் வாரம் பந்தே வேண்டாம், மெல்லிய துணியை மேலே வீசிப் பிடிக்கட்டும், அது மெதுவாக இறங்கும், மூளைக்குக் கணக்குப் போட நேரம் கிடைக்கும். அப்புறம் பலூன், அப்புறம் கடற்கரைப் பந்து, அப்புறம் ஸ்பாஞ்சுப் பந்து. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் எல்லாரும் பார்க்கச் செய்ய வேண்டாம், அவனே கேட்கும்வரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் "கையை மடக்கு, முழங்கையை உள்ளே வை" என்று உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். "பந்தில் இருக்கும் சிவப்புக் கோட்டையே பார்" என்றால் போதும். தவறவிட்டால் திருத்தாமல் கேளுங்கள்: என்ன ஆச்சு, அடுத்த தடவை எதை மாற்றிப் பார்க்கலாம்? பதில் அவனிடமிருந்தே வரட்டும். இலக்கு வை, திட்டம் போடு, செய், சரிபார் என்று பிள்ளையையே யோசிக்கவைக்கும் இந்த முறை கனடாவில் உருவானது, டிசிடிக்கு நல்ல பலன் தருவதாக நிரூபணமானது.

பணம் செலவழிக்கும் முன் இதையும் கவனியுங்கள். 2019இல் வெளியான அனைத்துலக வழிகாட்டு நெறிகள், பிள்ளைக்கு எந்தச் செயல் வரவில்லையோ அந்தச் செயலையே பழக்கும் பயிற்சியைத்தான் பரிந்துரைக்கின்றன. ஊஞ்சல் ஆட்டினால், உடம்பில் பிரஷ் தேய்த்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று பெரிய தொகைக்குப் பேக்கேஜ் விற்பவர்களிடம், "என் மகன் சைக்கிள் ஓட்ட வேண்டும், அதை எத்தனை வாரத்தில் எப்படிப் பழக்குவீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள்.

கேள்வி: நான் தொடக்கப்பள்ளியில் பிஇ எடுக்கும் ஆசிரியர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. வகுப்பில் நாற்பது பேர், நான் ஒருவன், வெயில் ஒரு பக்கம், மழை வந்தால் மண்டபத்துக்கு அடிதடி. அதில் இரண்டு மூன்று பேருக்கு எதுவுமே வருவதில்லை. அவர்களைக் கவனித்தால் மற்றவர்கள் கலைந்துவிடுகிறார்கள். என்னதான் செய்வது?
— செங்காங் வாசகர்

பதில்: அந்த இரண்டு மூன்று பேரை நீங்கள் கவனித்திருக்கிறீர்களே, அதுவே பெரிது. அவர்களுக்கென்று தனிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. எல்லாருக்கும் நடத்தும் பாடத்திலேயே நான்கு இடங்களில் கை வைக்கலாம்: இடம், செய்ய வேண்டிய வேலை, கருவி, உடன் ஆடும் ஆட்கள். உலகெங்கும் பிஇ ஆசிரியர்கள் பயன்படுத்துகிற எளிய முறை இது.

நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பிடித்த கேப்டன்ஸ் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி மேல் ஏறி நிற்கும் கேப்டன் கையில் பந்து போய்ச் சேர்ந்தால் புள்ளி. வழக்கமாக என்ன நடக்கிறது? வேகமான நான்கு பையன்கள் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொள்கிறார்கள், மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், உங்களுடைய அந்த இரண்டு பேர் ஓரத்தில் நின்று காலால் மண்ணைக் கீறுகிறார்கள். இப்போது இதையே மாற்றுங்கள். ஒரே பெரிய ஆட்டத்துக்குப் பதில் ஐந்து பேர் கொண்ட சிறிய அணிகளாகப் பிரித்து, திடலில் நான்கு ஆட்டம் ஒரே நேரத்தில் நடத்துங்கள், பந்து ஒவ்வொருவர் கைக்கும் பல தடவை வரும். தரையில் ஒரு தடவை குதிக்க வைத்துத்தான் பந்தை அனுப்ப வேண்டும் என்று விதி வையுங்கள், பிடிப்பவருக்கு நேரம் கிடைக்கும். பந்து கையில் இருப்பவரிடமிருந்து மூன்று எண்ணும்வரை யாரும் பறிக்கக்கூடாது. அணியில் எல்லார் கையிலும் பட்ட பிறகே கேப்டனுக்குப் போடலாம். இந்த விதிகள் எல்லாருக்கும் பொது, அதனால் யாருக்காக வைத்தீர்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அது மிக முக்கியம். "இவனுக்கு மட்டும் ஈஸி" என்று நாற்பது பேர் முன்னால் சொன்னால், மாற்றத்தால் வந்த நன்மை அந்த நிமிடமே போய்விடும்.

கருவிகளில் எப்போதும் மூன்று வகை வைத்திருங்கள், பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும். நன்றாக ஆடும் பிள்ளை சிறிய பந்தை எடுத்துத் தன்னைச் சோதித்துக்கொள்வான், தடுமாறும் பிள்ளை பீன்பேக்கை (மணிகள் நிரப்பிய சிறு துணிப்பையை) எடுப்பான், பீன்பேக் உருண்டு ஓடாது, விழுந்தால் துரத்திக்கொண்டு போய் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கயிறு தாண்ட வராத பிள்ளைக்குக் கயிற்றை நடுவில் வெட்டி இரண்டு கையிலும் ஒவ்வொரு பாதியைக் கொடுங்கள், சுழற்றிக்கொண்டே குதித்துப் பழகட்டும், தாளம் வந்ததும் முழுக் கயிறு கொடுக்கலாம்.

அவுட் ஆனால் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்களை விட்டுவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். முதலில் அவுட் ஆவது யார்? எந்தப் பிள்ளைக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளை. பிடிபட்டவர் ஓரமாகப் போய்ப் பத்துத் தடவை குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரட்டும். அதுபோலத்தான் எல்லாரும் பார்க்க ஒவ்வொருவராக ஓடுகிற ரிலேயும். ஒரு பிள்ளையின் தடுமாற்றத்தால் அணியே தோற்றது என்பதை வகுப்பு ஒரு வருடத்துக்கு மறக்காது.

செய்து காட்டும்போது பிள்ளைகளுக்கு முதுகு காட்டி, அவர்கள் பார்க்கும் திசையிலேயே நின்று காட்டுங்கள், இடது வலது குழப்பம் தீரும். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுங்கள். அப்புறம் கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் பந்து விளையாட்டு ஒரு பகுதிதான். நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம், நீச்சல், வெளிப்புறக் கல்வி எல்லாம் இருக்கின்றன. வரைபடம் பார்த்துப் பள்ளிக்குள் இடம் கண்டுபிடிக்கும் பாடத்தில், பந்து பிடிக்க முடியாத அதே பிள்ளை அணியை வழிநடத்தக்கூடும். அந்தப் பாடத்தை ஆண்டுக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு டிசிடி என்று உறுதியாகிவிட்டது. இந்த ஆண்டு நாஃபா உடலுறுதித் தேர்வு. டியூஷன் மாதிரி பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா? தங்கம் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அவமானப்படாமல் இருந்தால் போதும்.
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: அவமானம் என்ற சொல்லை அவள் காதில் விழவிடாதீர்கள். நாஃபாவில் ஆறு அங்கம், ஆறும் ஒன்றல்ல. உட்கார்ந்து முன்னால் குனிந்து எட்டுவதில் உங்கள் மகள் வகுப்பிலேயே முன்னால் வரவும் வாய்ப்புண்டு, டிசிடி உள்ள பல பிள்ளைகளுக்கு மூட்டுகள் இயல்பைவிட வளையும். சிட்-அப், சாய்ந்த புல்-அப் இரண்டும் பலம் சார்ந்தவை, பழகப் பழகக் கூடும்.

சிரமம் தருபவை நின்ற இடத்திலிருந்து தாண்டுவதும், 10 மீட்டர் தூரத்தை நான்கு தடவை கடக்கும் ஷட்டில் ஓட்டமும். ஷட்டில் ஓட்டத்தில் வேகத்தைவிடத் திரும்புவதுதான் பிரச்சினை: நிற்க வேண்டும், குனிய வேண்டும், கட்டையை எடுக்க வேண்டும், திரும்ப வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வேலை. முதலில் நடந்தே செய்யட்டும், எந்தக் காலை ஊன்றித் திரும்புவது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும், அது பழகிய பிறகே ஓட்டம். தாண்டுவதற்குத் தரையில் ஒரு கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லுங்கள், அடுத்த வாரம் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். 1.6 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு விளக்குக் கம்பம்வரை ஓட்டம், அடுத்த கம்பம்வரை நடை, இப்படி வாரம் மூன்று நாள் போதும். நீங்களும் கூடவே ஓடுங்கள். தனியார் பயிற்சி வகுப்பில் நேரக் கடிகாரம் வைத்து விரட்டுவார்கள் என்றால் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் காலத்தில் கம்பத்தில் (கிராமத்தில்) எல்லாப் பிள்ளையும் ஓடி ஆடியது. இந்தக் கோளாறெல்லாம் கைப்பேசி வந்த பிறகு வந்ததுதானே?
— தோ பாயோ வாசகர், வயது 74

பதில்: இல்லை ஐயா. இது பிறவியிலேயே உள்ள வளர்ச்சி வேறுபாடு. குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையோடு பிறந்த பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. உங்கள் கம்பத்திலும் மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்த ஒரு பையன் இருந்திருப்பான், யோசித்துப் பாருங்கள், பெயர்கூட ஞாபகம் வரலாம். ஆனால் உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று இருக்கிறது. அஞ்சாங்கல், பாண்டி, இறகுப் பந்தைக் காலால் தட்டும் சப்தே எல்லாம் உங்களுக்குத் தெரியும், சொல்லிக்கொடுக்க நேரமும் இருக்கும். அஞ்சாங்கல்லில் முதலில் கல்லை மேலே வீசாமல் தரையிலிருந்து எடுப்பதை மட்டும் பழக்குங்கள். பாண்டியில் கட்டங்களைப் பெரிதாகப் போடுங்கள். பேரனைத் தோற்கடிக்க அவசரப்படாதீர்கள்.

கேள்வி: நான் உயர்நிலை 1 படிக்கிறேன். நெட்பால் ஆடும்போது பந்து என் முகத்தில் பட்டது, எல்லாரும் சிரித்தார்கள், யாரோ அதை வீடியோ எடுத்துவிட்டார்கள். பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம் என்கிறார்கள். எனக்கு எதுவும் வராது. என்ன சேர்வது?
— பெயர் வேண்டாம்

பதில்: முதலில் அந்த வீடியோ. கண்ணு, இன்றைக்கே வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லு, எழுதிக் கொடுத்தாலும் சரி. அது கிண்டல் என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை, உன்னைக் காட்டிக்கொடுத்தவள் என்று யாரும் சொல்லவும் முடியாது.

இணைப்பாட நடவடிக்கை என்றால் விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, மன்றங்களும் கலைகளும் இருக்கின்றன. ஆனால் விளையாட்டே உனக்கில்லை என்று நினைத்துவிடாதே. நெட்பாலில் பந்து நகர்கிறது, எதிராளி நகர்கிறாள், நீயும் நகர வேண்டும், மூன்றையும் ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டியிருப்பதால்தான் அது உனக்குக் கஷ்டம். இலக்கு அசையாமல் நிற்கும் விளையாட்டுகளைப் பார்: பௌலிங், வில்வித்தை, துப்பாக்கி சுடுதல். நீச்சல், நெடுந்தூர ஓட்டம், சுவர் ஏறுதல் இவற்றிலும் உன் வேகம் உன் கையில். உன் பள்ளியில் இவற்றில் எது இருக்கிறது என்று விசாரி, சேர்வதற்கு முன் ஒரு நாள் போய்ப் பார்க்கக் கேள். சீருடைக் குழுக்களில் சேர்வதாக இருந்தால் அணிவகுப்புப் பயிற்சி நிறைய இருக்கும், கையும் காலும் கட்டளைக்குச் சேர்ந்து வர வேண்டும், அது தெரிந்தே சேர். முதலுதவி, முகாம் பிடிக்கும் என்றால் அதற்காகவே சேரலாம், அணிவகுப்பை வீட்டில் மெதுவாகப் பழகிக்கொள்ளலாம்.

பிஇ ஆசிரியரிடம் உனக்கு எது கஷ்டம் என்று நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு சிறு குறிப்பு எழுதிக் கொடு. என்ன நடந்தது என்று எனக்கு மறுபடி எழுது, பத்திரிகையில் போடமாட்டேன்.

கேள்வி: பள்ளியில் ஸ்விம்சேஃபர் நீச்சல் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் அடுத்த நிலைக்குப் போய்விட்டார்கள், என் மகன் முதல் நிலையிலேயே நிற்கிறான். சைக்கிளும் வரவில்லை. எதை முதலில் பார்ப்பது?
— பெடோக் வாசகி

பதில்: நீச்சல். அது உயிர் காக்கும் திறன், நம்மைச் சுற்றிக் கடல். ஸ்விம்சேஃபரில் ஆறு நிலைகள் உண்டு, பள்ளி வகுப்புகள் முடிந்ததும் வெளியே தொடரலாம், அவசரமே இல்லை. நீந்தும் முறைக்கு முன்னால் மல்லாந்து மிதப்பதையும், விழுந்தால் கரைக்குத் திரும்பிப் பிடித்துக்கொள்வதையும் உறுதியாகப் பழகட்டும். கை, கால், மூச்சு மூன்றையும் ஒரே நாளில் சேர்க்கச் சொல்லாத பயிற்றுநராகப் பாருங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில், தனியாகவோ இன்னொரு பிள்ளையோடு மட்டுமோ சேர்த்தால் நல்லது.

சைக்கிளுக்கு அந்தச் சிறு துணைச் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள், அவை சாய்ந்து திருத்திக்கொள்ளப் பழக்குவதில்லை. பெடல்களையும் கழற்றி, இருபாதமும் தரையில் நன்றாகப் படும் அளவுக்குச் சீட்டைத் தாழ்த்துங்கள். காலால் உந்தி உந்திப் போகட்டும், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூட்டம் இல்லாத வார நாள் காலையாகப் பாருங்கள். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சிறிது தூரம் சறுக்கிப் போகத் தொடங்கிய பிறகே பெடலை மாட்டுங்கள். ஹெல்மெட் முதல் நாளிலிருந்தே தேவை.